சோம்பர்: ஒரு சொல்லின் வர்க்கச் சார்பு

சொற்பொருள் மாற்றத்தை இலக்கண எல்லைக்குள் வைத்தே விளக்குவது நம்மிடையே மரபாகிவிட்டது. ஒரு சொல்லை எவர், எவரைச் சுட்டி வழங்கினர் என்ற வினாவும் எழுப்பற்பாலதே. ஔவையார் பெயரால் வழங்கும் கொன்றைவேந்தனில் இடம்பெறும் ‘சோம்பர்’ என்ற சொல்லை அவ்வாறு நோக்குவோம். இன்று பேச்சில் அதன் இடத்தைச் ‘சோம்பேறி’ பெற்றுவிட்டது.

திருக்குறள் சோம்பலை ‘மடி’ என்கின்றது. ‘மடி இன்மை’ என்னும் 61ஆம் அதிகாரம் பொருட்பாலின் அரசியற் பகுதியில் அமைந்துள்ளமை மனங்கொளத்தக்கது. ஆங்கு அறிவுரை பெறுவோர் குடியை உயர்த்தவேண்டியவரும் மன்னருமாவர். திண்ணைப் பள்ளியில் மனனஞ் செய்விக்கப்பட்ட சோம்பரோ அல்லலுற்று அலைபவர். அவர் துயருக்கு அவரது இயல்பே காரணம் என்பது உட்கிடை. குற்றச்சாட்டு மேலிருந்து கீழே இறங்கிவிட்டது.

பிரித்தானிய ஆட்சி இத்தகைய கருத்தையே இலங்கையில் சட்டமாக்கியது. உழைக்க இயன்றும் உழைக்காது இரந்து திரிவோர் 1841ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் தண்டனைக்குரிய சோம்பராயினர். அதற்கு முந்திய ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டமோ, உரித்து நிறுவப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியனவாகக் கொண்டது. இவ்விரண்டையும் இணைத்தே படித்தல் வேண்டும்.

இன்றைய மொனராகலை மாவட்டத்தை உள்ளடக்கிய வெல்லஸ்ஸவில், 1817–1818 கிளர்ச்சியை அடக்கிய படைகள் பயிரையும் கால்நடையையும் அழித்தன. பின்னர்த் தோட்டக் கூலியாக மறுத்த கண்டிச் சிங்கள விவசாயி ‘சோம்பேறி’ எனப்பட்டான். காலனித்துவத்தின் இத்தகைய கட்டுக்கதையைத் தென்கிழக்காசியாவை முன்வைத்துச் செய்யிட் ஹுசைன் அலடாஸ் 1977இல் விரிவாக ஆராய்ந்துள்ளார்.

அவ்விவசாயியின் இடத்துக்குக் கொணரப்பட்ட தமிழ்த் தொழிலாளியும் இவ்வசையினின்று தப்பவில்லை. ஊவாத் தேயிலைத் தோட்டங்களில் ‘பேர்’ என்பது ஒருநாட் சம்பளப் பதிவு. வறட்சியிற் கொழுந்து குறைந்து, விதித்த நிறை எட்டாதபோது, நாள் முழுதும் மலையேறி இறங்கிய பெண்ணுக்கு ‘அரைப்பேர்’ விழும். வானம் பொய்த்தமை கணக்கேட்டில் அவளது அரைநாட் சோம்பலாகின்றது.

ஆயினும், சிங்களவர் சோம்பேறிகள் என்று நம்மவர் பெருமிதத்துடன் கூறக் கேட்கின்றோம். நிலமிழந்தவனையும் கூலியிழந்தவளையும் பழித்த ஒரே சொல்லை அவர்களே ஒருவர்மீது ஒருவர் வீசுவதால் ஆதாயமடைவோர் யாவர்? பாரதி ‘சுதந்திரப் பள்ளி’ல் உழவையும் தொழிலையும் போற்றி, உழையாது உண்டு களிப்போரை நிந்தித்தார். வசை மீண்டும் மேல்நோக்கித் திரும்பியது. அத்திசையை மறவாதிருத்தல் நமது மொழியாய்வின் கடமையுமாகும்.