சிற்றலைக்கு ஒரு கம்பி

நல்லூர்ப் பக்கம் சிற்றலை கேட்கத் தொடங்குபவருக்கு விலையுயர்ந்த ரேடியோவைவிட மொட்டை மாடியில் பத்து மீட்டர் செப்புக் கம்பிதான் முக்கியம். இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர். பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் பக்கத்திலேயே இருக்கிறது. மின்கம்பி அருகே வேண்டாம். இடி மின்னலில் செப்புக் கம்பியை ரேடியோவிலிருந்து கழற்றிவிடுங்கள்.

இருட்டியதும் 49, 41, 31 மீட்டர் அலைவரிசைகளில் முள்ளை மெல்ல நகர்த்துங்கள். அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் குரல் ஏறி இறங்கி வரும்; எனக்கு உயிரே அந்த அலைவுதான். 1963இல் தொடங்கிய சீன வானொலித் தமிழ்ப் பிரிவை நம்மூர் நேயர்கள் இப்படித்தான் பிடித்தார்கள். கேட்ட நாள், நேரம், அதிர்வெண், தெளிவு, நிகழ்ச்சி விவரம் எழுதி அனுப்பினால், பல நிலையங்கள் அதை உறுதிசெய்து வண்ண அட்டை அனுப்பும். தபால்காரர் கையில் அதைப் பார்க்கும் மகிழ்ச்சி தனி! நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். நம் நேரத்தில் ஐந்தரை மணி குறைத்தால் போதும்.