வீட்டுச் சடைநாய்

தாய் பொமரேனியன், தகப்பன் தெருநாய். இப்படிப் பிறந்த குட்டிகளைப் பெரும்பாலும் யாரும் விலை கொடுத்து வாங்குவதில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டு எடுத்து வருவார்கள். நாய்களிலேயே எனக்குப் பிடித்தது இந்தச் சடைநாய்தான். ஒரு காது விறைத்து நிற்கும், மறு காது பாதியில் மடிந்து தொங்கும். வால் மட்டும் அப்படியே தாயுடையது, முதுகின் மேல் சுருண்டு கிடக்கும். கேட்டின் தாழ்ப்பாள் அசைந்தால் போதும், தெருவுக்கே கேட்கும்படி குரைக்கும். வந்தது வீட்டு ஆள் என்று தெரிந்ததும் உடம்பு மொத்தமும் ஆடும்.

வெயில் காலம் வந்துவிட்டதே என்று முடியை ஒட்ட மழிக்காதீர்கள். மேல்முடிக்கு அடியில் மெத்தென்று இன்னொரு அடுக்கு இருக்கிறது. மழித்தால் வெயில் நேராகத் தோலில் விழும். முடி பழையபடி வளராமலும் போகலாம். தினமும் சீப்பு போட்டுச் சிக்கெடுத்தால் போதும். அப்போதே காதுக்குப் பின்னாலும் விரல் இடுக்கிலும் தடவிப் பாருங்கள். மிளகு போலக் கையில் தட்டுப்பட்டால் அது உண்ணி. உண்ணிக் காய்ச்சல் சின்ன உடம்பைச் சாய்த்துவிடும்.

பொமரேனியன் வழியில் மூச்சுக்குழாய் பலவீனமாக இருக்கலாம் என்பதால் கழுத்துப் பட்டையைவிட மார்புப் பட்டை நல்லது. வெங்காயம், திராட்சை, சாக்லேட் கூடவே கூடாது. ரேபிஸ் தடுப்பூசியைக் குட்டிக்கு 3 மாதம் ஆனதும் போட்டுவிட்டு, அடுத்த தேதியை டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.