வெந்நீரின் வேலையா, கைகளின் வேலையா?

1980 வாக்கில் வட கலிபோர்னியாவின் ஹார்பின் வெந்நீர் ஊற்றில், ஹரால்ட் டல் ஜப்பானிய ஷியாட்சு பிடிமுறையைத் தண்ணீருக்குள் இறக்கினார். அவர் மருத்துவர் அல்லர், கவிஞர். மல்லாந்து மிதப்பவரைச் சிகிச்சையாளர் கைகளில் தாங்கி, மெல்ல ஆட்டி, இடுப்பை வளைத்து, முதுகை நீட்டி, ஆங்காங்கே அழுத்திவிடும் இந்த முறைக்கு ‘வாட்சு’ என்று பெயர். மன இளைப்பாறலுக்காகப் பிறந்த இது இன்று பக்கவாதத்துக்கும் நாட்பட்ட வலிக்கும் மறுவாழ்வுச் சிகிச்சையாக முன்வைக்கப்படுகிறது. அப்படியானால் மருத்துவ அளவுகோலுக்கும் அது உட்பட வேண்டும்.

சுகம் கிடைக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கழுத்தளவு நீரில் நின்றாலே கால்கள் தாங்கும் சுமை உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். மிதப்பவருக்கு அதுவும் இல்லை. சுமார் 35 பாகை செல்சியஸ் நீர் தோலின் வெப்பத்தை ஒட்டியிருப்பதால் உடல் குளிரிலும் நடுங்காது, சூட்டிலும் தவிக்காது. வலிக்கு அஞ்சி இறுகிக்கிடந்த தசைகள் பிடி விடுகின்றன. சிக்கலும் இங்கேதான். இவை எல்லாமே நீரின் வேலை. இதில் கைகளின் பங்கு எவ்வளவு? கைகள் அழுத்தும்போது ஆற்றல் நாளங்கள் திறப்பதாக ஷியாட்சு மரபு சொல்லும் விளக்கத்துக்கு உடற்கூற்றியலில் ஆதாரம் கிடையாது. அதே குளத்தில், அதே நேரம், மிதவையில் சும்மா கிடந்தவரோடு ஒப்பிட்டால்தான் விடை தெரியும். படுக்கையில் ஓய்வெடுத்தவரோடு ஒப்பிட்டால் வெந்நீர் இதமானது என்று மட்டுமே நிரூபணமாகும்; அது நம் பாட்டிகளுக்கே தெரியும்.

2020இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று 27 ஆய்வறிக்கைகளை அலசி, வலி குறைவதற்குச் சாதகமான சான்று கண்டது. ஆனால் அவற்றில் பல மிகச் சிறியவை. பக்கவாதத் தசை இறுக்கம் பற்றி அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் 2009ஆம் ஆண்டு ஆய்வில் இருந்த நோயாளிகள் மூவர். மூவரை வைத்து ஒரு சிகிச்சையைத் தூக்கி நிறுத்த முடியாது.

இதைவிடப் பெரிய குறை முறையின் இயல்பிலேயே இருக்கிறது. இழந்த அசைவை மூளை திரும்பக் கற்பது, நோயாளி தானே முயன்று, தவறி, மீண்டும் முயலும்போது. வாட்சுவில் அவர் எதுவும் செய்வதில்லை. 1949இல் லண்டனில் ஜேம்ஸ் மக்மில்லன் தொடங்கிய ஹாலிவிக் முறை தாங்கும் கையைப் படிப்படியாக விலக்கிக்கொள்ளும். சுவிட்சர்லாந்தின் பாட் ராகாஸ் முறையில் மிதவை வளையங்களில் கிடப்பவர் சிகிச்சையாளரின் பிடியை எதிர்த்துத் தள்ள வேண்டும். இரண்டும் அதே நீர்தான், ஆனால் உழைப்பு நோயாளியுடையது.

தீங்கு குறைவு என்றாலும் இல்லாமலில்லை. கழுத்தளவு நீரில் சுமார் 700 மில்லிலிட்டர் இரத்தம் மார்புப் பகுதிக்கு ஏறுகிறது. கட்டுப்படாத இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அது ஆபத்து. ஆறாத புண், கட்டுக்குள் வராத வலிப்பு உள்ளவர்களும் இறங்கக் கூடாது. ஒரு நோயாளிக்கு ஒரு சிகிச்சையாளர், சூடு குறையாத குளம் என்று செலவும் எக்கச்சக்கம்.

ஆக, தரையில் தொட்டாலே துடிக்கும் ஃபைப்ரோமயால்ஜியா என்ற நாட்பட்ட வலி நோய் உள்ளவருக்கு வலி தணிக்கும் துணைச் சிகிச்சையாக வாட்சுவை ஏற்கலாம். தசை இறுகியவருக்கு, பயிற்சிக்கு முன் சிறிது நேரம் தரலாம். அந்தத் தளர்வு நீடிக்கும்போதே பயிற்சி தொடங்க வேண்டும். நடையை மீட்டுத்தரும் சிகிச்சை என்று விற்பதை ஏற்க முடியாது. மறுநாள் தரையில் அந்த நோயாளி பத்து மீட்டர் நடக்க எவ்வளவு நேரம் எடுத்தார் என்று குறித்துவைக்காத மையம், மறுவாழ்வு என்ற பெயரில் கட்டணம் வாங்கக் கூடாது.