பதிவேட்டில் ஏறாத மாந்தர்

செய்தித்தாளில் வருவது மறுநாள் பொட்டலம் மடிக்கவே உதவும் என்பது நம்மவர் எண்ணம். ஆதலின் சங்க மலர்களில் கவிஞரைப் பற்றியும் நாவலாசிரியரைப் பற்றியும் எழுதுவதே வழக்கமாயிற்று. இம்முறை ஒரு செய்தியாளரின் நூல்களை ஆராய எடுத்துக்கொண்டோம். பி. சாய்நாத் 1957-இல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர்; குடியரசுத் தலைவராயிருந்த வி. வி. கிரியின் பேரர், சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்றவர். தமிழகத்தில் பிறந்த தெலுங்கர் அவர். ஆந்திரத்தில் வாழும் தமிழர் நாம். சித்தூர், திருப்பதித் தமிழ்க் குடும்பங்கள் அவரிடம் ஓர் உறவு கொண்டாடினால் அது மிகையன்று.

பம்பாயில் 'பிளிட்ஸ்' வார இதழின் துணையாசிரியராகப் பல ஆண்டுகள் பணியாற்றிய அவர், 1993-இல் ஓர் ஆய்வு நல்கை பெற்று நாட்டின் மிக வறிய மாவட்டங்களை நோக்கிப் புறப்பட்டார். ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம் என்று சுற்றியவர், தமிழகத்தில் இராமநாதபுரத்தையும் புதுக்கோட்டையையும் தேர்ந்துகொண்டார். அவ்வலைச்சலில் பிறந்த கட்டுரைகளே 1996-இல் 'எவ்ரிபடி லவ்ஸ் எ குட் டிராட்' என்னும் ஆங்கில நூலாக வெளிவந்தன. நல்ல வறட்சி வந்தால் எல்லார்க்கும் கொண்டாட்டம் என்பது தலைப்பின் கருத்து. பலாமூ மாவட்டத்தில் வறட்சி நிவாரணத்தை மூன்றாம் போகம் என்றே வழங்குகிறார்களாம். இராயலசீமையில் குடியிருப்போர்க்கு இதற்கு உரை வேண்டுவதில்லை.

இந்நூலின் தனிச்சிறப்பு இரக்கவுணர்ச்சி அன்று. இரங்குவோர் பலர் உளர். ஏட்டில் எழுதியதையும் எதிரே நிற்கும் மனிதனையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையே இதன் உயிர். மல்கான்கிரியில் துருவா என்னும் பழங்குடியினரின் பெயரை ஆங்கிலத்தில் எழுத்துக் கூட்டுவதில் வேறுபாடு நேர்ந்தது. பட்டியலில் உள்ள எழுத்தும் மனுவில் உள்ள எழுத்தும் ஒவ்வாமையால் அவர்களுக்குரிய சலுகைகள் மறுக்கப்பட்டன. ஓர் எழுத்து! அலுவலகத்தில் நாள்தோறும் எழுத்தைச் சரிபார்த்து வாழும் நம்மவர்க்கு இக்கட்டுரை நெஞ்சில் முள்ளாய்த் தைக்கும். ஒரு மாநிலத்துப் பட்டியலில் உள்ள சாதி அடுத்த மாநிலத்துப் பட்டியலில் இல்லாதொழிவதைக் குடிபெயர்ந்த குடும்பங்கள் அறியும். பிள்ளையின் சான்றிதழுக்காக நடந்தோர்க்கு மல்கான்கிரி தொலைவான ஊரன்று.

நுவாபாடாக் கட்டுரையோ சிரிப்பும் கசப்பும் கலந்தது. பால்வளம் பெருக்குவதாகச் சொல்லிச் சீமைக் கலப்பினக் கன்றுகளுக்குத் திட்டம் தீட்டினார்கள். உள்ளூர்க் காரியார் காளைகளைக் காயடித்தார்கள். கோடிக்கணக்கில் பணம் கரைந்தது. பிறந்தவை எட்டே கன்றுகள். காரியார் இனமோ அவ்வட்டாரத்தில் அருகிப்போயிற்று. சாய்நாத் இங்கே வசைபாடவில்லை. கணக்கைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்.

தமிழகப் பகுதிகளில் நடை சற்றே நெகிழ்கிறது. இராமநாதபுரத்துப் பனையேறி ஒருவர் ஒரு நாளில் ஏறியிறங்கும் உயரத்தைக் கூட்டி, அதை வானளாவும் கட்டடத்தோடு ஒப்பிட்டுக் காட்டுகிறார். மிளகாய் விளைப்போரைத் தரகர் கடனில் கட்டிவைத்திருக்கும் முறையை விளக்குகிறார். புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்துப் பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றதை எழுதுமிடத்தில் அவருக்கே மகிழ்ச்சி பொங்குகிறது. நம் இராஜம் கிருஷ்ணன் உப்பளத் தொழிலாளரிடையே சென்று கண்டவற்றைக் 'கரிப்பு மணிகள்' என்னும் நாவலாக்கினார். சாய்நாத் கதைப்போர்வை இன்றி ஊரையும் பெயரையும் வெளிப்படையாக வைக்கிறார். இரண்டும் இலக்கியமே என்பது எம் கருத்து.

2004 முதல் 2014 வரை 'தி இந்து' நாளிதழில் ஊரகச் செய்தி ஆசிரியராக இருந்தபோது, நம் அண்டை மாவட்டமாகிய அனந்தபுரத்து உழவர் தற்கொலைகளையும் எழுதினார். 1995 முதல் 2010 வரை நாடெங்கும் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட உழவர் மாய்ந்ததை அரசின் குற்றப் பதிவுக் கணக்கே காட்டிற்று. அக்கணக்கும் முழுமையன்று என்றார். நிலப்பட்டா தன் பெயரில் இல்லாத பெண், வாழ்நாளெல்லாம் கழனியில் உழைத்து மாய்ந்தாலும் உழவர் கணக்கில் சேர்வதில்லை. மீண்டும் அதே பதிவேடு. அதே விடுபட்ட கட்டம்! 2007-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

2022-இல் வந்த 'தி லாஸ்ட் ஹீரோஸ்' விடுதலைப் போரின் காலாட்படையைப் பற்றியது. தலைமறைவுப் போராளிகளுக்குச் சோறாக்கிப் போட்ட புருலியாவின் பவானி மகதோ, தியாகிகள் ஏட்டில் இடம்பெறாதவர். அவரை நம்முன் நிறுத்தியது பெருந்தொண்டு. நல்லகண்ணு, சங்கரய்யா ஆகிய தமிழரும் இந்நூலில் உளர். ஆயினும் முதல் நூலின் கூர்மை இதில் இல்லை. வணங்கும் கை வினவ மறந்துவிடுகிறது.

முதல் நூலிலும் ஒரு குறை காண்கிறோம். கோப்பினைக் கண்டு நகைக்கும் ஆசிரியர், மேலிடத்து ஆணைப்படி அதை எழுதிய கீழ்நிலை ஊழியனிடம் அதிகம் பேசவில்லை. அவனுக்கும் சொல்ல ஏதேனும் இருந்திருக்கும். (இது எழுத்தர் இனத்தின் ஆற்றாமை என்று அன்பர்கள் நகைக்கலாம்.)

2014 திசம்பரில் அவர் தொடங்கிய ஊரக இந்திய மக்கள் ஆவணக் காப்பகத்தின் ஆங்கிலச் சுருக்கப்பெயர், முல்லைக்குத் தேர் ஈந்த வள்ளலின் பெயராகவே நம் செவியில் ஒலிக்கிறது. அதன் கட்டுரைகள் தமிழிலும் தெலுங்கிலும் வெளியாகின்றன. தமிழறிந்த பெற்றோரும் தெலுங்கு வழியில் பயிலும் பிள்ளைகளும் ஒரே கட்டுரையைத் தத்தம் மொழியில் படித்து, இரவு உணவின்போது வாதிடலாம். முதல் நூலைக் கையில் எடுப்போர் புதுக்கோட்டைப் பகுதியிலிருந்து தொடங்குவது நலம். மல்கான்கிரிக்குப் பிறகு செல்லலாம்.