மலையேறும் கோச்சியை எப்படி ரசிப்பது?

பதுளைக் கோச்சியில் ஏறியவுடன் எல்லோரும் ஜன்னலோரம் தேடுகிறோம். தேயிலை மலை, அருவி, மூடுபனி, பாலம் என்று பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஆனால் அந்த அழகுக்கு நடுவே, நம்மையும் நம் மூட்டை முடிச்சுகளையும் இழுத்துக்கொண்டு ஓர் எஞ்சின் மலையேறுகிறது. அது எப்படி ஏறுகிறது என்று கவனிப்பவர்கள் மிகச் சிலர். பள்ளத்தாக்கு, கொண்டையூசி வளைவு, பாலம், காற்று மோதும் மலைமுகடு, ஈரம் சொட்டும் சுரங்கம் என நிலம் மாற மாற எஞ்சினின் குரலும் சக்கரத்தின் ஓசையும் பெட்டியின் சாய்வும் மாறுகின்றன. இதைக் கவனிக்கப் பழகியவருக்கு ஊவா மலைகளின் மேடு பள்ளம் கண்ணை மூடினாலும் தெரியும். அந்தப் பழக்கத்துக்கான வழிகாட்டி இது.

பதுளையில் தொடங்குங்கள்

சுற்றுலா வருகிறவர்கள் பெரும்பாலும் கண்டியிலிருந்தோ நானுஓயாவிலிருந்தோ எல்லவுக்கு வருகிறார்கள். படம் எடுக்க அது போதும். ஒரு கோச்சியின் திறமையை அறிய வேண்டுமானால் எதிர்த்திசையில் போக வேண்டும். பதுளை நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 650 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பட்டிப்பொலவுக்கும் ஒஹியவுக்கும் இடையே வரும் பாதையின் உச்சி 6,226 அடி, அதாவது 1,898 மீற்றர். ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தூரத்துக்குள் 1,200 மீற்றருக்கு மேல் ஏற்றம்.

நீலகிரி மலை ரயிலில் போனவர்களுக்கு இந்த ஏற்றத்தின் அருமை உடனே புரியும். கல்லாறிலிருந்து குன்னூர் வரை அங்கே தண்டவாளங்களின் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை உண்டு. எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்வி ஏறும். பதுளைப் பாதையில் பல்லும் இல்லை, பற்சக்கரமும் இல்லை. வழுவழுப்பான இரும்புச் சக்கரம் வழுவழுப்பான தண்டவாளத்தில் உராய்ந்து கிடைக்கும் பிடிமானம் ஒன்றுதான் துணை. அதனால்தான் இங்கே சரிவு 44க்கு 1 என்ற அளவைத் தாண்டாதபடி பாதையை வளைத்து வளைத்துப் போட்டார்கள்.

44க்கு 1 என்றால் 44 மீற்றர் போனால் ஒரு மீற்றர் உயரம். கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். 20 மீற்றர் நீளமான பெட்டியின் முன்முனை பின்முனையைவிட ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் உயர்ந்து நிற்கும் என்று கணக்கிட்டால் கொஞ்சம் விளங்கும். 300 தொன் எடையுள்ள ஒரு ரயிலை அந்தச் சரிவில் ஏழு தொன் அளவு இழுவிசை இடைவிடாமல் பின்னோக்கி இழுக்கும். எஞ்சின் முதலில் அந்த இழுப்பைச் சமாளிக்க வேண்டும். மிஞ்சும் பலம்தான் வேகமாகிறது.

முதலில் காது

எஞ்சினுக்கு அடுத்த ஒன்றிரண்டு பெட்டிகளுக்குள் இடம் பிடியுங்கள். இழுப்பது எந்த எஞ்சின் என்று ஏறுமுன் பார்த்துக்கொள்ளுங்கள். மலைநாட்டுப் பாதையில் நெடுங்காலமாக உழைப்பவை எம்6 வகை எஞ்சின்கள். 1979 வாக்கில் ஜெர்மனியின் ஹென்ஷல் தொழிற்சாலையில் செய்யப்பட்டவை, 1,650 குதிரைவலு கொண்டவை. ஆறு அச்சுகளில் நான்குக்கு மட்டும் மோட்டார் உண்டு, மற்ற இரண்டும் பாரத்தைப் பங்கிடுகின்றன. இதனால் தண்டவாளத்தின் மேல் ஒவ்வொரு அச்சும் தரும் அழுத்தம் குறைகிறது. 2012இல் சீனாவிலிருந்து வந்த எஸ்12 வகை ரயில்கள் வேறு அமைப்பு. அவற்றில் தனி எஞ்சின் கிடையாது, இரு முனைகளிலும் உள்ள பெட்டிகளே இழுக்கின்றன. இரண்டின் ஓசையும் வேறு வேறு. புதிதாகப் பழகுகிறவருக்கு எம்6தான் நல்ல ஆசான்.

அந்த எஞ்சினுக்குள் டீசல் இயந்திரம் மின்சாரத்தை உண்டாக்குகிறது. அந்த மின்சாரத்தில் மோட்டார்கள் சுழன்று சக்கரத்தைத் திருப்புகின்றன. சாரதியின் கையில் இருக்கும் பிடியில் எட்டுப் படிகள் உண்டு. ஒவ்வொரு படி கூடும்போதும் இயந்திரத்தின் சுருதி ஏறும். நாம் கற்க வேண்டிய முதல் பாடம் இதுதான்: சுருதியும் வேகமும் சேர்ந்து ஏறினால் பாதை சமதளம். சுருதி ஏறியும் வேகம் ஏறாவிட்டால் மேடு. சுருதி தணிந்தும் வேகம் குறையாவிட்டால் இறக்கம். பதுளையிலிருந்து ஹாலிஎல வரை வயலும் ஆறுமாகப் போகும் பகுதியில் இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகிக்கொள்ளலாம்.

தெமோதரையில் உடம்பு

வளைவை அறியும் கருவி நம் உடம்புதான். மலைநாட்டுப் பாதையின் கூரிய வளைவுகளுக்கு ஆரம் ஐந்து சங்கிலி, அதாவது 100 மீற்றர். இலங்கைத் தண்டவாளம் 1,676 மில்லிமீற்றர் அகலமான பெரும்பாதை. இவ்வளவு அகலமான பாதையில் இவ்வளவு கூரிய வளைவு எளிய காரியமல்ல. கால்வட்டம் திரும்புவதற்குள் வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட இரண்டரை மீற்றருக்கு மேல் கூடுதலாக ஓட வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே அச்சில் இறுக்கப்பட்டவை. சக்கரத்தின் விளிம்பு சற்றே கூம்பாகக் கடையப்பட்டிருப்பதால் மெல்லிய வளைவுகளை அது தானாகவே சமாளித்துவிடும். 100 மீற்றர் வளைவில் அந்தக் கூம்பு போதாது. சக்கரம் தண்டவாளத்தின் மேல் வழுக்கி உரசித்தான் திரும்ப வேண்டும். காதைக் கூசவைக்கும் அந்தக் கிறீச்சொலி அப்போதுதான் பிறக்கிறது. ஒலி எவ்வளவு நேரம் நீடிக்கிறதோ வளைவு அவ்வளவு நீளம்.

இந்தப் பாடத்துக்குத் தெமோதரையை விடச் சிறந்த இடம் இலங்கையில் இல்லை. பதுளையிலிருந்து வரும் கோச்சி முதலில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைகிறது. தெமோதரை நிலையம் அந்தச் சுரங்கத்தின் தலைக்கு மேலேயே இருக்கிறது. சுரங்கத்தைக் கடந்து, குன்றைச் சுற்றி வட்டமடித்து மேலேறி, சற்றுமுன் எந்த நிலத்தின் அடியில் போனோமோ அதே நிலத்தின் மேல் வந்து கோச்சி நிற்கும். நேரே ஏற முடியாத உயரத்தை வட்டத்தின் நீளத்தால் வென்ற வித்தை இது. தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துப் பொறியியலாளர் விமலசுரேந்திர இந்த யோசனையைப் பெற்றார் என்று ஒரு கதை மலையகமெங்கும் வழங்குகிறது. கதை எப்படியிருந்தாலும் வட்டம் நிஜம். அதைச் சுற்றும்போது ஒரு தண்ணீர்ப் போத்தலைப் பாதிவரை நிரப்பி ஜன்னல் விளிம்பில் வையுங்கள். வளைவுகளில் வெளித்தண்டவாளத்தைச் சற்று உயர்த்திப் போட்டிருப்பார்கள். மெதுவாகப் போகும் கோச்சி உட்பக்கம் சாய்வதைத் தண்ணீர் காட்டும். முன்பின் சாய்வைக் கூர்ந்து பார்த்தால் ஏற்றமும் தெரியும்.

பாலத்தில் என்ன கேட்க வேண்டும்?

தெமோதரைக்கும் எல்லவுக்கும் நடுவே ஒன்பது வளைவுப் பாலம் வருகிறது. 300 அடி நீளம், 80 அடி உயரம், ஒவ்வொன்றும் 30 அடி அகலமான ஒன்பது வளைவுகள். 1921இல் கட்டி முடிக்கப்பட்டது. புகையிரதக் கட்டுமானப் பகுதியைச் சேர்ந்த ஹரல்ட் மார்வூட் இதைக் கட்டிய விதம்பற்றி எழுதிய அறிக்கையை 1923இல் இலங்கைப் பொறியியற் சங்கம் வெளியிட்டது. கமெராவோடு எட்டிப் பார்க்கும் கூட்டத்தை விட்டுவிட்டு ஒருமுறை இங்கே காதைக் கொடுங்கள். வெட்டுப்பாறைகளின் நடுவே போகும்போது எஞ்சினின் ஓசை இருபுறமும் மோதித் திரும்பி வரும். பாலத்துக்கு வந்ததும் திரும்பி வர எதுவும் இல்லாமல் பள்ளத்தாக்கில் கரைந்துவிடும். பாலத்தை ஒட்டிய சுரங்கத்திலோ அதே ஓசை பன்மடங்காகப் பெருகும். பாலமும் வளைந்தே கிடப்பதால் கடைசிப் பெட்டிகளில் இருப்பவர்களுக்கு எஞ்சின் தெரியும். முன்னே இருந்து கேட்டுவிட்டு, அடுத்த முறை பின்னே இருந்து பாருங்கள்.

நிலையங்களிலும் வேலை இருக்கிறது

எல்லவிலிருந்து பண்டாரவளை, தியத்தலாவை வழியாக ஹப்புத்தளைக்குப் போகும் பாதையில் ஏற்றமும் மட்டமும் மாறி மாறி வரும். ஒற்றைத் தண்டவாளப் பாதை என்பதால் எதிரே வரும் கோச்சிக்காக நிலையத்தில் காத்திருக்க நேரும். அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம். நிலைய அதிபர் ஒரு வளையத்தில் கோத்த டப்லட்டைச் சாரதிக்குக் கொடுப்பார். அது கையில் இல்லாமல் அடுத்த நிலையம் வரையான பாதையில் எந்தக் கோச்சியும் கால்வைக்கக் கூடாது. கைகாட்டி இறங்குவதையும் சாரதி விசில் கொடுப்பதையும் பாருங்கள். மேட்டில் நின்ற ரயிலைப் பின்னோக்கி உருளவிடாமல், குலுங்கவும் விடாமல் புறப்படச் செய்வது சாரதியின் கைத்திறமைக்குப் பெரிய சோதனை. பெட்டிகளை இணைக்கும் கொளுக்கிகள் ஒவ்வொன்றாக இறுகி, உங்கள் பெட்டி இழுபட்டது தெரியாமலே நகர்ந்தால், எஞ்சினில் இருப்பவர் தேர்ந்த கைக்காரர்.

இந்தப் பாதையின் வரலாற்றையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். நானுஓயாவுக்கு 1885இல் வந்த புகையிரதம் ஹப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்தது. பதுளையை எட்டியது 1924இல்தான். பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்க முப்பது வருடம் பிடித்தது என்றால், நாம் இப்போது ஏறி வந்த நிலத்தின் கடினம் அதிலேயே விளங்கும்.

சுரங்கமும் உச்சியும்

ஹப்புத்தளையைத் தாண்டியதும் பாதை மலைமுகட்டை ஒட்டிப் போகிறது. தங்கமலைக் காட்டுப்பக்கம் கடந்து இதல்கஸ்ஹின்னவுக்கு வந்தால் காற்று நேராக முகத்தில் அடிக்கும். அங்கிருந்து ஒஹிய வரை சுரங்கத்துக்குப் பின் சுரங்கமாக வரும். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். எஞ்சினுக்கு இதுதான் மிகக் கடுமையான பரீட்சை. சுரங்கத்துக்குள் வெயில் படாத தண்டவாளம் ஈரமாகவே கிடக்கும். ஈரத்தில் பிடிமானம் குறையும். சக்கரம் பிடி தவறி ஒருகணம் வெறுமனே சுழன்றால் மோட்டாரின் ஓசை சட்டென்று எகிறும். சாரதி உடனே படியைக் குறைத்து, சக்கரத்தின் முன்னே மணலைத் தூவவிட்டு, பிடி கிடைத்ததும் மெல்லக் கூட்டுவார். அந்த எகிறலும் தணிவும் கேட்டால் எஞ்சினுக்கும் மலைக்கும் நடந்த போராட்டத்தை நீங்கள் கேட்டுவிட்டீர்கள். மழைநாளில் ஒருமுறையும் கேட்காமல் உச்சி சேர்ந்தால் சாரதிக்கு மனதாரப் பாராட்டுச் சொல்லலாம்.

பருவமும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று நானுஓயாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்கும். நல்ல ஊவாத் தேயிலை விளையும் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான அந்த நாட்களில், ஒஹியவுக்கும் பட்டிப்பொலவுக்கும் இடையே மலையைத் துளைத்த சுரங்கத்தின் ஒருபுறம் வெயிலும் மறுபுறம் தூறலுமாக இருக்கும். ஒரே பயணத்தில் காய்ந்த தண்டவாளத்தையும் நனைந்த தண்டவாளத்தையும் ஒப்பிடலாம்.

6,226 அடிப் பலகை வரும்போது சுருதியைக் கவனியுங்கள். பதுளையிலிருந்து உழைத்த இயந்திரம் இங்கே தணியும். கொளுக்கிகள் தளரும். சற்றுநேரத்தில் பிரேக் கட்டை சூடாகும் வாசனை வரும். இனி எஞ்சினின் வேலை இழுப்பதல்ல, அடக்குவது. நேரமிருந்தால் இதே பாதையில் பதுளைக்குத் திரும்பி, அந்த அடக்கத்தையும் கேளுங்கள்.

போகுமுன்

மூன்றாம் வகுப்பு போதும். திறந்த ஜன்னல்தான் வேண்டும், குளிரூட்டிய பெட்டியில் இந்த ஓசைகள் வராது. மிதிபலகையில் தொங்க வேண்டாம், பாறையும் சுரங்கச் சுவரும் மிக அருகில் உரசிப் போகின்றன. 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளி கொண்டுவந்த மண்சரிவுகள் மலைநாட்டுப் பாதையை மோசமாகத் தாக்கின. எந்தப் பருவத்திலும் பெருமழைக்குப் பின் எதுவரை கோச்சி ஓடுகிறது என்று நிலையத்தில் கேட்டுவிட்டே புறப்படுங்கள்.

பாதை ஓரத்தில் சுத்தியலும் ஸ்பெனருமாக நடந்துபோகும் தொழிலாளரைக் கண்டால் கையசைக்கத் தவறாதீர்கள். ஆணி தளர்ந்ததையும் கல் சரிந்ததையும் முதலில் காண்பவர் அவர். அவர் நடக்காவிட்டால் எந்த எஞ்சினின் திறமையும் பயன்படாது.

தோட்டத் துரைமாரின் தேயிலையைக் கொழும்புக்கு இறக்கத்தான் இந்தப் பாதையை ஊவாவுக்குக் கொண்டுவந்தார்கள். அதற்கு மண் சுமந்து கல் உடைத்தவர்களில் தென்னிந்தியாவிலிருந்து வந்த நம் முன்னோரும் இருந்தார்கள். உலகமெங்கிலுமிருந்து வந்து இதைப் படம் எடுக்கிறார்கள், நல்லது. ஆனால் ஒவ்வொரு மேட்டிலும் எஞ்சின் ஏன் அப்படிக் குரல் மாற்றுகிறது என்பதை லயத்தில் வளரும் பிள்ளை அறிந்திருக்க வேண்டும். அடுத்த விடுமுறையில் உங்கள் பிள்ளைகளைப் பதுளை நிலையத்துக்கு அழைத்துப்போய், முன்பெட்டியில் ஏற்றி, கண்ணை மூடச் சொல்லி, இப்போது மேடா மட்டமா என்று கேளுங்கள். எல்ல வருவதற்குள் அவர்கள் உங்களுக்குச் சொல்லித்தரத் தொடங்கிவிடுவார்கள்.