கருத்து ஊருக்கு, வாக்கியம் யாருக்கு?

ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு எழுத்துரிமை பற்றிப் பேசுவதென்றால் ‘குடிஅரசு’ வழக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1925 மே 2இல் இந்த ஊரில் பிறந்த பத்திரிகை அது. 1925 முதல் 1938 வரை அதில் வந்த பெரியார் எழுத்துகளைத் தொகுத்து வெளியிடப் பெரியார் திராவிடர் கழகம் முனைந்தது. பதிப்புரிமை எங்களுடையது, தடை விதியுங்கள் என்று பெரியார் சுயமரியாதைப் பிரச்சார நிறுவனம் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போயிற்று. 2009இல் நீதிபதி கே. சந்துரு அந்தத் தடையை மறுத்தார். 2010இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது, தொகுதிகள் வெளிவந்தன.

இரண்டு தரப்புமே பெரியார் பேர் சொல்கிறவர்கள்தான். அப்புறம் எதற்குச் சண்டை? கருத்துக்காக அல்ல. சாதி ஒழிய வேண்டும் என்று சொல்ல யாருக்கும் யார் அனுமதியும் வேண்டாம். சண்டை, அவர் எழுதிய வாக்கியங்களை அச்சிடும் உரிமைக்காக. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியர் இறந்த பிறகும் அறுபது ஆண்டுகள் அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. 1973இல் மறைந்த பெரியாரின் எழுத்துக்கு அது 2033 முடிய ஓடும்.

கருத்து வேறு, வெளிப்பாடு வேறு என்ற இந்தக் கோட்டை உச்சநீதிமன்றம் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் அழுத்தமாகப் போட்டது. ‘ஹம் இந்துஸ்தானி’ என்ற தன் நாடகத்தைத் திருடி ‘நியூ டெல்லி’ படம் எடுத்துவிட்டார்கள் என்பது அவர் புகார். மாநில வெறி என்ற கரு இரண்டுக்கும் பொது. ஆனால் கருவுக்கோ, கதைப்பொருளுக்கோ, வரலாற்று உண்மைக்கோ பதிப்புரிமை கிடையாது, அதைச் சொன்ன வடிவத்துக்குத்தான் உண்டு என்று சொல்லி நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது.

இந்தக் கோட்டால் நமக்கு லாபமும் உண்டு. 1936இல் லாகூர் மாநாட்டுக்காரர்கள் அம்பேத்கரின் உரையைக் கேட்கப் பயந்து மாநாட்டையே கைவிட்டார்கள். அவர் அதைத் தம் செலவில் அச்சிட்டார். ‘குடிஅரசு’ அதைத் தமிழில் கொண்டுவந்தது. மொழிபெயர்ப்புக்குத்தான் ஆசிரியர் அனுமதி வேண்டும். அதைப் படித்தவர் தம் சொல்லில் சேரி மேடையில் பேச யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. கருத்துக்குப் பட்டா இருந்திருந்தால் அதுவும் ஊர்த்தெரு ஆட்கள் பேரில்தான் இருந்திருக்கும்.

ஆனால் இதே கோடு நம்மை வெட்டுகிற இடமும் இருக்கிறது. எங்கள் பக்கத்து அருந்ததியர் தெருவில் ஒரு பாட்டி. கவலை இறைக்கத் தோல்பறி தைத்த காலத்தையும், பண்ணையத்தில் பட்ட அடியையும் ஒப்பாரியிலேயே சொல்லும். ஒருவர் டேப்புடன் வந்து பதிவு செய்துகொண்டு போனார். புத்தகம் வந்தது, அட்டையில் அவர் பேர். பாட்டியின் பேர் உள்ளேயும் இல்லை. “ஏங் கண்ணு, அழுதது நானு, எழுதுனது அவரா?” என்று கேட்டது.

பாட்டி பட்ட பாடு ‘உண்மை’. உண்மைக்கு உரிமை இல்லை. ஒப்பாரியின் மெட்டு தெருவுக்கே பொது. அதற்கும் தனி உரிமையாளர் இல்லை. மிஞ்சுவது வெளிப்பாடு. அங்கே அட்டையில் யார் பேர் இருக்கிறதோ, மறுத்து நிரூபிக்கும்வரை அவரையே ஆசிரியராகக் கொள்ளச் சொல்கிறது சட்டத்தின் 55ஆம் பிரிவு. எழுதத் தெரியாதவர்கள் எப்படி நிரூபிப்பது?

ஒரு கதவு மட்டும் திறந்திருக்கிறது. 1994 திருத்தம் நிகழ்த்துநர் உரிமை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. பாடகர், ஆடுபவர், பாம்பாட்டி வரை அதில் வருகிறார்கள். ஒப்பாரி வைக்கும் பாட்டியும் பறையடிப்பவரும் அதற்குள் அடங்குவார்கள். உரிமை ஐம்பது ஆண்டு. ஆனால் 39ஆம் பிரிவு, உண்மையான ஆராய்ச்சிக்கு மட்டும் என்று பதிவு செய்தால் குற்றமில்லை என்கிறது. நம் தெருவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் ‘ஆராய்ச்சி’ என்றுதானே சொல்லிக்கொண்டு வருகிறார்கள்! அந்தப் பதிவை ஒலிநாடாவாக்கி விற்றால் விலக்கு நிற்காது என்பதையாவது நம் ஆட்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

சட்டம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாட்சியம் அச்சிடும் நம் பத்திரிகைகளிலேயே ஆரம்பிக்கலாம். சொன்னவர் பேர் முதலில், எழுதியவர் பேர் அடுத்து. மறுபதிப்புக்கும் பணத்துக்கும் இருவர் ஒப்புதலும் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, படித்துக் காட்டி, கைநாட்டு வாங்குவோம். பறிகொடுத்த நிலத்துக்குப் பஞ்சமி ஆவணம் தேடி அலைகிறோம். சொல்லுக்காவது இன்றைக்கே ஆவணம் எழுதிவைப்போம்.