பங்களாவின் காதலும் லயத்து வாசகியும்

தமிழ்க் காதல் நாவல்களில் அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறவர் எஸ்டேட் முதலாளி. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ பங்களா, ஜீப், முன்கோபம், யாருக்கும் சொல்லாத பழைய காயம். கதாநாயகி வேலை தேடியோ அடைக்கலம் தேடியோ அந்த வீட்டுக்குப் போவாள். மாடியில் நின்று பார்த்தால் சரிவில் கொழுந்து எடுக்கும் பெண்கள் தெரிவார்கள். அவர்களுக்குப் பெயர் இருக்காது. அடுத்த பக்கத்தில் அவர்களே இருக்க மாட்டார்கள். இலங்கையின் இறக்குவானையிலும் காவத்தையிலும் தெரணியகலையிலும் இந்தக் கதையை வாசிக்கிறவள், அன்று பகல் முழுதும் அப்படியொரு சரிவில் நின்றுவிட்டு வந்தவள். அவளுக்கு இது ஏன் பிடிக்கிறது என்று கேட்காமல் இந்த நாவல்களைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை.

இந்த ஊர்கள் இருக்கும் சப்ரகமுவவின் தோட்டங்கள் நுவரெலியாவைப்போல் தொடர்ச்சியாக இல்லை. தேயிலையும் இறப்பரும் கலந்து, சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. கடையில், பஸ்ஸில், ஆஸ்பத்திரியில் சிங்களம்தான். தமிழ்ப் புத்தகம் என்று ஒன்று கைக்கு வருவதென்றால், கொழும்பில் வேலை செய்கிற பிள்ளை தீபாவளிக்கு வரும்போது பையில் கொண்டுவருவதுதான். எட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடொன்றில், காதல் நாவலாசிரியை ரமணிச்சந்திரனின் நாவல் ஒன்றைப் பார்த்தேன். அட்டை போய், அந்த இடத்தில் கலண்டர் தாள் ஒட்டியிருந்தது. உட்பக்கத்தில் வாங்கிப்போனவர்களின் பெயர்கள், வெவ்வேறு கையெழுத்தில். கடைசிப் பக்கங்கள் இல்லை. முதலில் வாசித்த அக்கா முடிவை மற்றவர்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பெண்கள் தமிழ் எழுத்தை மறந்துவிடாமல் இருக்க இந்த நாவல்கள் உதவியிருக்கின்றன. சின்ன வாக்கியம், நிறையப் பேச்சு, கீழே வைக்க விடாத ஓட்டம். நமது இலக்கியக் கூட்டங்கள் எட்டாத இடத்துக்கு அவை போயிருக்கின்றன. இதை நான் சிறிய காரியமாக நினைக்கவில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ஜானிஸ் ராட்வே, காதல் நாவல் வாசிக்கும் பெண்களிடம் பேசி 1984 இல் ஒரு நூல் வெளியிட்டார். கதை எப்படியிருந்தாலும், புத்தகத்தை விரித்து உட்காரும் நேரம் தங்களுக்கே உரியது என்று அந்தப் பெண்கள் கருதியதை அதில் காட்டினார். நம் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததும் அதே 1984 இல்தான். சம்பளம் சமமானது, ஆனால் வேலை முடிந்து லயத்துக்கு இறங்கியபின் தண்ணீர், விறகு, ரொட்டி, பிள்ளை எல்லாம் அவள் தலையிலேயே இருந்தன. அப்படிப்பட்டவள் வாசல் இஸ்தோப்பில் விளக்கடியில் அரைமணி நேரம் புத்தகத்தோடு இருப்பது, தனக்குச் சேரவேண்டியதைத் தானே எடுத்துக்கொள்வதுதான்.

கதைக்குள் அவள் தேடுவதும் காதல் மட்டுமில்லை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் குடும்பம் முழுவதோடும் படுக்கிறவளுக்கு, கதாநாயகி தன் அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு அழுகிற காட்சியே ஒரு சுகம். தாழ்ப்பாள் உள்ள கதவு, தனிக் குளியலறை, பிறகுதான் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்கிற ஆண். இந்தக் கனவில் பாதி வீட்டைப் பற்றியது. நியாயமான கனவு.

என் சண்டை வேறிடத்தில். இந்த நாவல்களில் நாயகனின் கொடுமைக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடும். அவமானப்படுத்துவான், சந்தேகப்படுவான், கையைப் பிடித்து முறுக்குவான். கடைசிக்குக் கிட்டத்தில் அவனுக்கு யாரோ செய்த துரோகம் தெரியவரும், அவள் மன்னிப்பாள். ரமணிச்சந்திரனின் நாயகிகளுக்காவது தன்மானம் உண்டு, எதிர்த்துப் பேசுவார்கள். இப்போது கைப்பேசியில் தொடராக வரும் பல கதைகளில், விருப்பமில்லாத பெண்ணின் கழுத்தில் வலுக்கட்டாயமாகத் தாலி கட்டுவதே காதலின் தொடக்கம். வாசகியை அடுத்த அத்தியாயத்துக்கு இழுக்க வேண்டுமென்பதால் கொடுமை வாரக்கணக்கில் நீள்கிறது. மன்னிப்பு மட்டும் ஒரே அத்தியாயத்தில் முடிகிறது. வாசகிகள் ஏமாளிகள் இல்லை. குடித்துவிட்டு அடிக்கிற புருஷனையும் கதையில் வருகிறவனையும் அவர்கள் ஒன்றாக எடுப்பதில்லை. ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு, அடிக்கிறவனிடம் ஒளிந்திருக்கும் அன்பைத் தேடச் சொல்லித் தருகிற கதை கேடானது. லயத்தில் அதற்கு விலையும் அதிகம். கோபித்துக்கொண்டு போக அவளுக்கு இன்னொரு வீடு கிடையாது.

இன்னொரு குறை, கலியாணத்தோடு நாயகியின் வேலை காணாமல் போவது. முதலாளியின் மனம் இளகினால் ஒருத்திக்கு விடிவு. சரிவில் நிற்கிற மற்றவர்களுக்கு எதுவும் மாறாது.

இதற்கு மாற்றாக நாம் என்ன கொடுத்தோம்? கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’, தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ போன்ற நாவல்கள் இந்த மண்ணின் உழைப்பையும் ஏமாற்றத்தையும் நேர்மையாகப் பதிந்தவை. அவற்றின்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் மலையக எழுத்தில் தோட்டத்துப் பெண் பெரும்பாலும் துயரப்படவே வருகிறாள். பகலெல்லாம் அட்டைக்கடி பட்டவளிடம் இரவிலும் அட்டைக்கடியையே வாசி என்றால், அவள் புத்தகத்தை மூடிவிடுவாள்.

நான் கேட்பது இப்படியொரு கதை: இறப்பர் மலையில் பால் வெட்டுகிற ஒருத்தி நாயகி. அவளை விரும்புகிறவன் தோட்டத்து லொறியில் வேலை செய்கிறவன். அவர்களுக்குள் சண்டை வருவது, சம்பளப் பணம் யார் கையில் இருப்பது என்பதில். கலியாணத்துக்குப் பின்னும் அவள் காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக்குப் போகிறாள்; கடைசியில் இருவரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். இப்படி ஒரு நாவலை மலையகத்தில் எழுதுகிறவர்கள், முக்கியமாகப் பெண்கள், கீழான வேலையென்று நினைக்காமல் எழுத வேண்டும். பெரிய எழுத்தில், கைக்கடக்கமாக அச்சிட வேண்டும். விலை அவளுடைய அரைப் பேருக்குள், அதாவது அரைநாள் சம்பளத்துக்குள், அடங்க வேண்டும்.